அரைப்பேர்

ஐப்போ ஓட்டலில் இரண்டு நாள் பயிலரங்கு.
குளிரூட்டியின் கீழ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
கல்வியிலிருந்து காலனியத்தை எப்படி நீக்குவது என்று கேட்டேன்.
பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினார்.
அதற்கு மன்னிப்பும் கேட்டார், அதே மொழியில்.
சிரித்தோம். கறிபாப் தின்றோம்.
ஆனாலும் ஒரு வாக்கியம் பீடோர் வரைக்கும்
பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது:
பாடநூலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பிறகு,
கேள்வியை யார் கேட்கிறார் என்று முதலில் பார்.

திங்கட்கிழமை பார்த்தேன்.
எங்கள் பள்ளிக்கு ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயர்.
கிளன்ராக் தோட்டத் தமிழ்ப்பள்ளி.
அந்த மலையை இங்கே யாரும் கண்டதில்லை.
லயத்துச் சனம் வைத்த பெயர் மூணாங்கட்டை,
அது எந்தக் கடிதத் தலைப்பிலும் ஏறவில்லை.
மணி என்பது தொங்கும் தண்டவாளத் துண்டு.
ஒரு காலம் பெரட்டுக்கு அடித்தது.
கித்தா போய்ச் செம்பனை வந்தது,
துரை போய்க் கம்பெனி வந்தது,
இரும்பு மட்டும் அதே சுருதியில்.

சாமான் அறையில், கரையான் மிச்சம் வைத்த
பழைய வருகைப் பதிவேடு.
கிராணியே வாத்தியாராகவும் இருந்த காலம்.
வராத பிள்ளைகளுக்கு நேரே சிவப்பு மையில் காரணம்:
மங்கு கழுவ. ஒட்டுப்பால் பொறுக்க. தம்பியைப் பார்க்க.
பாதியில் எழுந்து போனவனுக்கு அரைப்பேர்,
வெளிக்காட்டில் அவன் அப்பனுக்குப் போட்டது போலவே.
கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு:
ஒருவன் நாளொன்றுக்கு நானூறு மரம் சீவினால்
ஆறு நாளில் எத்தனை மரம்?
விடை இரண்டாயிரத்து நானூறு. அவ்வளவுதான்.

அதை ஐந்தாம் ஆண்டுக்கு எடுத்துப்போய் வெண்பலகையில் எழுதினேன்.
கீழே இடம் விட்டேன்: இனி நீங்கள் கேளுங்கள்.
வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை.
"கேள்வி கேட்டா மார்க் உண்டா டீச்சர்?" என்றான் தேஷ்வின்.
பிறகு லோஷினி: மரம் யாருடையது?
அதுக்கு முன்னால அங்க என்ன காடு?
மழை பெஞ்சா சம்பளம் உண்டா?
அவனுக்குப் பேரு இல்லையா, ஏன் "ஒருவன்"?
எனக்குக் கை நடுங்கியது.
கைப்பேசியில் பலகையைப் படம்கூட எடுத்தேன்,
பேராசிரியருக்கு அனுப்பலாம் என்று.

அப்போதுதான் வேலிக்கு வெளியிலிருந்து,
சுத்தமான லயத்துத் தமிழில் ஒரு குரல்:
"அவனுக்குப் புள்ள இருந்திச்சா?"

யுலியானி.
லொம்போக்கிலிருந்து குலை வெட்ட வந்தவரின் மகள்.
உரப்பையில் பாதிக்கு உதிரிப்பழம்.
தமிழை இந்தக் கம்பி வழியே கற்றிருக்கிறாள்,
வாய்ப்பாட்டையும், பன்னிரண்டு வரை.

மதியம் பாரத்தை எடுத்தேன்.
பிறப்புப் பத்திர எண். பெர்மிட் எண். பெற்றோர் திருமணப் பதிவு எண்.
தலைமையாசிரியர் கமலநாதன் நல்ல மனிதர்.
"எழுபத்தோரு பிள்ளைங்கதான் இருக்கு டீச்சர்.
பள்ளியையே மூடிடுவாங்களோன்னு பயந்துகிட்டு இருக்கேன்,
இதுல தாள் இல்லாத பிள்ளையா?"
அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

துரையைத் தேடிப் பதிவேட்டைப் புரட்டியவள்
அதைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்தேன்.
மார்க்கர் மை படிந்த என் விரல்கள்.

பழைய ஏட்டில் கடைசிப் பெயர் அஞ்சலை.
அதன் கீழே ஐந்து கோடுகள் காலி.
ஒன்றில் யுலியானி என்று எழுதினேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு
அரைப்பேர்தான் போட முடிந்தது,
அதுவும் பென்சிலால்.
அழிப்பான் என் பையில் இருக்கிறது
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.