பத்து கிராம்

லூச்சே என்று பெயர்.
உலர்த்திய கடற்பாசியின் கருப்பு,
வெயில் பட்டால் பச்சை.
இந்தத் தீவில் வெயில் பட்டுப் பதினோரு நாளாகிறது.

செவ்வாயன்று கூண்டைத் திறந்தேன்.
மற்ற நாலும் என் பூட்ஸை மிதித்துக்கொண்டு ஓடின.
இவள் மட்டும் மூலையில்
கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு,
யாரோ கழற்றிப் போட்ட கம்பளித் தொப்பி மாதிரி.

கொண்டை வெளுத்திருந்தது.
தீனிப்பை காலி.
எச்சம் பச்சை, அப்புறம் வெள்ளை, அப்புறம் வெறும் நீர்.
இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன், பேன் இல்லை.
அலகைத் திறந்து மோந்தேன், நாற்றம் இல்லை.
முட்டை சிக்கியிருக்குமோ என்று
வெந்நீரில் உப்புக் கரைத்து
துணி ஊறவைக்கும் தொட்டியில் உட்காரவைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
இருபது நிமிடம், தகரக் கூரையில் மழை,
முட்டை வரவில்லை.

கால்நடை மருத்துவர் யாஸ்னா
வியாழக்கிழமை மட்டும் படகில் வருவாள், மாடுகளுக்காக.
போனில் பொறுமையாகத்தான் பேசினாள்.
ஆயிரம் காரணம் இருக்கலாம், எதெல்மிரா.
செத்துப்போனால் ஐஸில் வைத்துக் கொண்டு வா,
திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

திறந்து பார்ப்பது எனக்குத் தெரியாததா?
சால்மன் ஆலையில் பதினாலு வருஷம், இரவு ஷிஃப்ட்.
பிளந்து வரும் மீனை விரலால் தடவி
மிச்ச முள்ளை இடுக்கியால் பிடுங்குவது வேலை.
முள் இருக்கும் இடம் கண்ணை மூடினாலும் தெரியும்.
அதே விரலை
இவள் வயிற்றுத் தூவலுக்குள் விட்டுத் தேடுகிறேன்.
சூடு தெரிகிறது.
துடிப்பு தெரிகிறது, எண்ண முடியாத வேகத்தில்.
அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கிறது.

எதிர்வீட்டு ரோசாமெல் எட்டிப் பார்த்து
உருளைக்கிழங்கு நீ போடு, சோளம் நான் தருகிறேன்,
சூப்புக்கு இன்னும் தேறும் என்றான்.
நான் சிரிக்கவில்லை.
மறுநாள் காலை படியில்
முட்டை அளவு பல் வைத்த ஒரு முழுப் பூண்டும்
ஊசி கழற்றிய சிரிஞ்சும்.
பூண்டில் அவன் தோட்டத்து மண் ஈரமாக இருந்தது.

மூன்றாம் நாள் கொஞ்சம் வெளியே விட்டேன்,
கூட்டத்தைப் பார்த்தால் தெம்பு வரும் என்று.
ஒரே கம்பில் ஒட்டித் தூங்குகிறவள்தான் முதலில் வந்தாள்.
நேராக வெளுத்த கொண்டையில் ஒரு கொத்து.
தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.
அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது,
சொல்லத்தான் மாட்டார்கள்.

இப்போது குளியலறையில் ஆப்பிள் பெட்டிக்குள் வாசம்.
நாலு மணிக்கொரு முறை சர்க்கரைத் தண்ணீர்,
அலகின் ஓரமாக, ஒவ்வொரு சொட்டாக,
அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும்.
வேலைக்குப் போகிற இரவுகளில்
யார் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.
சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கிறது.

நோல்பெர்த்தோ கடல்கூண்டு மிதவையிலிருந்து கூப்பிட்டான்.
முதல் கேள்வி: கோழி எப்படி?
சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.
என் இருமலைப் பற்றி அவன் கேட்கவில்லை.
ஒரு வாரமாக அடக்கி அடக்கித்தான் பேசுகிறேன்.

கடைசியாக இட்ட நீல முட்டை
ஜன்னல் கட்டையில் இருக்கிறது.
உடைத்தால் மஞ்சளிலோ ஓட்டிலோ
ஏதாவது தெரிந்தாலும் தெரியும்.
இரண்டு தடவை கையில் எடுத்தேன்,
இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

அவன் தூண்டில் பெட்டியில் கொக்கித் தராசு ஒன்று உண்டு.
பழைய ஸ்வெட்டர் கைக்குள் இவளை நுழைத்து
தினமும் ராத்திரி தொங்கவிடுகிறேன்.
தலை மட்டும் வெளியே, ஒரு கண்ணால் முறைத்துக்கொண்டு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஆயிரத்து எழுநூற்று முப்பது.
ஒரு நாள் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

இன்று ஆயிரத்து எழுநூறு.

ஸ்வெட்டர் ஈரமோ என்று பிழிந்து பார்த்தேன்.
கொக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டேன்.
ஆயிரத்து எழுநூறு.

குடித்த தண்ணீராக இருக்கலாம்.

ஆலை பஸ் திருப்பத்தில் ஹாரன் அடிக்கிறது.