வரியின் கடைசியில்

சம்மாந்துறை நீர்ப்பாசன அலுவலகம், இரவு பத்தேகால்.
ஏசி வேலை செய்யவில்லை. நிரலும்தான்.

தொண்ணூற்றாறில் யாரோ யுனிக்ஸில் எழுதி வைத்தது:
எந்த வட்டைக்கு எத்தனை மணித்தியாலம்,
எந்த மதகு எத்தனை அங்குலம்.
அந்தப் பழைய பெட்டி போன மாரி இடியோடு முடிந்தது.
உள்ளே இருந்ததைக் காப்பாற்றி
விண்டோஸில் குடிவைத்தேன்,
நடுவே சிக்வின் என்றொரு தட்டி மறைத்து,
இதுவும் உன் வீடுதான் என்று பொய் சொல்லி.

நம்பவில்லை அது.
அதற்கு வேர் ஒன்றே, எல்லாப் பாதையும்
ஒரு சாய்கோட்டில் தொடங்கும்.
இங்கே ஸீ ஒரு வளவு, டீ ஒரு வளவு,
கோடும் மறுபக்கம் சாய்கிறது.

பெரிய எழுத்தில் ஒரு கோப்பு, சின்ன எழுத்தில் ஒன்று:
அங்கே இரண்டு ஆள், இங்கே ஒரே ஆள்.
பிந்தியது முந்தியதை விழுங்க
மல்வத்தை வாய்க்கால் கணக்கு முழுவதும் போயிற்று.
தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.
நமக்கு எழுத்தெல்லாம் ஒரே உயரம்.

மறுகா, பிள்ளை பெற ஏலாது என்றது.
தாய் இருந்த அதே முகவரியில்தான்
பிள்ளையும் கண் விழிக்க வேண்டுமாம்.
அந்த இடத்தில் ஏதோவொரு டிஎல்எல்
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
எல்லாரையும் எழுப்பி
ஆளுக்கொரு பாய் விரித்துக் கொடுத்தேன்.

பதினொன்றுக்கு வட்டவிதானை மீராலெப்பை:
"தம்பி, தண்ணி?"
"கொஞ்சம் பொறுங்க."
"நான் பொறுப்பன். பயிர்?"

பன்னிரண்டு. கடைசிப் பிழை.
'கட்டளை காணவில்லை' என்கிறது.
கட்டளை இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து சரியாக,
என் மூக்குக்கு முன்னால்.
மூன்று தேத்தண்ணி குடித்தேன்.
பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தால்
ஒவ்வொரு வரி முடிவிலும் ஒட்டியிருக்கிறது
கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து.
விண்டோஸின் பழக்கம் அது, வரி முடிந்தால்
ஒன்று போதாது, இரண்டு குறி.
யார் போட்டது?
நான்தான். புது வட்டைகளின் பெயர் சேர்க்க
போன கிழமை நோட்பேடில் திறந்தேன்.

நான் ஓட்டமாவடி.
கல்யாணம் முடித்து ஒன்பது வருடமாக
நுஸ்காவின் வீட்டில், நுஸ்காவின் ஊரில்.
எங்கள் பக்கம் ஆம்பிளைதான் இடம் மாறுவான்,
அதில் புதினமில்லை.
பெருநாளைக்குப் போனபோது தம்பி ஜவாத் சிரித்தான்:
"என்ன காக்கா, கதை முடியிற இடத்தில
என்னமோ ஒட்டிக்கிட்டு வருது?"
எனக்குக் கேட்கவில்லை. இப்போதும் கேட்காது.

கோப்புக்கு ஒரு கட்டளை போதும்,
நானூற்றிப் பன்னிரண்டு எழுத்தும் உதிர்ந்தன.
இரண்டு நாற்பதுக்கு நிரல் வாய் திறந்தது:
வீரமுனை மேல் வட்டை, ஏழரை மணித்தியாலம், நாலு அங்குலம்.

முதல் மணியிலேயே எடுத்தார் மீராலெப்பை.
"நாலா?"
"நாலு."
"சரி" என்று வைத்தார். சைக்கிள் ஸ்டாண்ட் தட்டும் சத்தம்
பாதியில் அறுந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் இன்னும் வருகிறது,
மஞ்சளில், ஏனென்று தெரியாது.
இருந்துவிட்டுப் போகட்டும்.
லைட்டை அணைத்துவிட்டு
நுஸ்கா வீட்டுக்குப் போனேன்.