மூன்றாவது மரம்

பீடோங் கடைத்தெரு தாண்டி
மண்ரோட்டில் லோரியை இறக்கினேன்.
பின்னால் முந்நூற்றிருபது செம்பனங்கன்றுகள்,
கறுப்புப் பைக்குள் வேரைச் சுருட்டிக்கொண்டு
குழிக்குக் குழி தலையாட்டின.

பதினோரு வயதில்
இதே தோட்டத்தில்
நானும் ஒரு மரம்.

கிராணி ஞானாதிக்கம்
வெள்ளைக்காரன் நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினார்,
பால்கணக்குத் தாளின் முதுகில்.
முன்பக்கம் யாருக்கு எத்தனை ராத்தல்;
பின்பக்கம்,
விருந்துக்கு வந்த ராஜாவை
வீட்டுக்காரனே தூக்கத்தில் குத்தும் கதை.
குளிர்தேசத்துப் பேரெல்லாம் நம் வாயில் நிற்காதென்று
எல்லாருக்கும் வேறு பேர் வைத்தார்.
குறி சொல்லும் மூன்று சூனியக்காரிகளை
ஒட்டுப்பால் பொறுக்கும் பெண்களாக்கிப்
பால்வாளியைச் சுற்றி உட்காரவைத்தார்.

தீபாவளிக்கு மறுநாள்
ஆலை வாசலில் மேடை.
துரை முன்வரிசை நாற்காலியில்.
தன் ஊர்க் கதை என்பது
அரைமணி கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.
சுருட்டை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கொலைகார ராஜா, மண்டோர் வீரபத்திரன்.
விடியலில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும் அதே குரல்.
ராணி, நாலாம் நிரையில் பால்வெட்டும் அமிர்தவல்லி.
கையில் ரத்தம் போகவில்லை என்று
அவள் தூக்கத்தில் நடந்து கழுவ வேண்டும்.
ஒத்திகையில் கிராணி செய்துகாட்ட எழுந்தார்.
"இது எனக்குத் தெரியும், ஐயா" என்றாள்.
பால்வாடை போகப்
புளியும் சாம்பலும் வைத்துத் தேய்ப்பதுபோல்
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு,
மறுபடி விரலிடுக்கு.
பெண்கள் பக்கம் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

பிறகு ரொம்ப வருஷத்துக்குத்
தண்ணிக்குழாயடியில் அதிக நேரம் நிற்பவளை
"என்னடி, ராணியாட்டம்" என்பார்கள்.
நாடகத்துக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளும் சொன்னார்கள்,
எந்த ராணி என்று தெரியாமலே.

காடு எழுந்து நடந்து வந்தாலொழிய
உனக்குச் சாவில்லை என்பது குறி.
மண்டோர் சிரித்தார்.
வேர் விட்டது எங்கே நடக்கும்?
கூட்டமும் சிரித்தது.
அப்போதுதான் ஆலைக்குப் பின்னாலிருந்து
பன்னிரண்டு பையன்கள் புறப்பட்டோம்,
ஆளுக்கொரு ரப்பர்க்கிளை.
ஒடித்த முனையில் பால் சொட்டி
என் முழங்கைவரை வழிந்து இறுகியது.
"டேய், காடு வருதுடா" என்று
எவனோ நிஜமாகவே எழுந்து ஓடினான்.
மண்டோர் முகம் வெளுத்தது.
நடிப்பா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ரப்பர் முழுக்கப் போன வருஷம் சாய்ந்துவிட்டது.
லயத்தில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது.
மற்றவர்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள்.
கம்பெனி நீட்டிய காகிதத்தில்
கையெழுத்துப் போடாத வீரபத்திரன்
கைலியை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

இறங்கி, கை கழுவக் குழாயைத் திருகினேன்.
காற்று சீறியது.
"போன மாசமே நிப்பாட்டிட்டானுங்க."
லோரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.
"எத்தனை?"
"முந்நூத்தி இருபது."
"அன்னைக்குப் பன்னெண்டு."
ஒரு கன்றின் ஓலையை விரலால் நிமிர்த்திவிட்டார்.
முள் குத்தியிருக்க வேண்டும்,
கையை உதறிக்கொண்டார்.

"நீ மூணாவது மரந்தானே?
கிளையை ரொம்ப மேல தூக்காதேன்னு
படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.
உன் மூஞ்சி தெரிஞ்சுது."

நான் தலையைக் குனிந்து
டிரிப் சீட்டில் நேரம் எழுதினேன்.
எட்டு இருபது.

உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.
"இன்னைக்கும் தெரியுது" என்றார்.
பிறகு, வாசலை விட்டுச் சற்று ஒதுங்கி நின்று,
"பசியாறிட்டியா?"