அளவுகுச்சி

பீடோர் தோட்டத்து ஓடுபாதையில்
எண்ணெய்க் கணக்கு என்னுடையது.
இறக்கையில் ஏறி மூங்கில் குச்சியை விட்டு
நனைந்த கோட்டைப் படித்து
நீல நோட்டில் எழுதுவேன்.

அன்று மழைக்கு முன்
உரம் தூவி முடிக்கும் அவசரம்.
"மானி பாதி காட்டுது மாலினி, போதும்"
என்றார் கேப்டன் ரொஸ்லான்.
முந்தின நாள் எண்ணையே
இன்னொரு வரியில் எழுதினேன்.

ஏழாவது சுற்றில்
சத்தம் நின்றது.
இடிக்கும் நிமிராத குலைவெட்டிகள்
அந்த அமைதிக்கு நிமிர்ந்தார்கள்.

பதினாலாம் நம்பர் காட்டில்
செம்பனை மட்டைகள் மேல் கவிழ்ந்து கிடந்தது.
அவருக்குத் தோள்பட்டை, இரண்டு விலா.
"தீப்பிடிக்கல, சாமி புண்ணியம்"
என்றார் மண்டோர் குப்பன்.
பிடிக்க உள்ளே
ஒரு கோப்பைகூட இல்லை.

விசாரணைக்கு வந்தவர்
நோட்டைப் புரட்டினார்.
ஒரே எண் இருந்த இரண்டு வரிகளிலும்
விரலை வைத்தார்.
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது டவுனில் மளிகைக்கடை வேலை.
காலையில் மகனைப் பள்ளியில் விடுமுன்
மோட்டார் சைக்கிள் டாங்கியைத் திறக்கிறேன்.
முள் நிறையக் காட்டினாலும்
வண்டியை ஆட்டி
காது வைத்துக் கேட்கிறேன்.
"நேரமாச்சும்மா" என்கிறான்.
ஆகட்டும்.