சத்தம் நின்றால்

நாற்பத்திரண்டு மீற்றர் உயரம்.
என் காலடியில் கண்ணாடி.
கண்ணாடிக்குக் கீழே மழை.
மழைக்குக் கீழே கப்பல் இருக்கிறது
என்று பந்துல சொல்கிறான்.

நான் காண்பதில்லை.
கப்பலின் வயிற்றுக்குள் எங்கோ
மஞ்சள் அங்கியோடு நின்று
வோக்கியில் பேசுகிறான்:
ஹெமின், ஹெமின்... இன்னும் ஒரு சாண்...
இருபத்தாறு தொன் இரும்புப் பெட்டி
அவன் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது.
பதினொரு வருடமாக இப்படித்தான்.
முகத்தைக் கன்ரீனில் கண்டது
நாலைந்து தரம் இருக்கும்.

இதைச் சுவாமியிடம் சொல்லமாட்டேன்.
சொன்னால் ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார்.
பந்துலவுக்குச் சம்பளம் உண்டு.
தவறினால் விசாரணை உண்டு.
விளங்கவில்லை என்றால்
திருப்பிச் சொல்வான்.

ஆண்டவரே,
நீர் திருப்பிச் சொல்வதில்லை.

மகரகமவில் மெற்றில்டாவின் துண்டைப் புரட்டிய டொக்டர்
இன்னொரு சோதனை, அடுத்த வியாழன் என்றார்.
அந்த வியாழன் மெஷின் பழுது.
அதற்கடுத்த வியாழன்
துண்டில் வேறொருத்தியின் வயது.
138இல் திரும்பி வரும்போது
ஜன்னல் பக்கம் அவள்.
நுகேகொடை தாண்டியபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:
வீட்டில தேங்காய் இருக்கா?

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில்
ஆறு மெழுகுதிரி கொளுத்தினேன்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
அவளுடைய கிளினிக் நம்பரைச்
சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் செபத்தில் இப்போதெல்லாம்
சித்தம் என்ற சொல் வரும் வரி
என் வாயில் வருவதில்லை.
தாண்டிக் குதித்து
அன்றாட உணவுக்குப் போய்விடுகிறேன்.
மெற்றில்டா முழுதாகச் சொல்கிறாள்.
ஒரு வரி முந்திப்போன நான்
அவள் வரும்வரை காத்திருக்கிறேன்.
அவளுக்குத் தெரியும். கேட்பதில்லை.

நேற்றிரவு இரண்டு மணி.
பெட்டி பாதித் தூரம் இறங்கியிருக்க
வோக்கி செத்துப்போனது.
பற்றரியோ, மழையோ.
இரைச்சல்கூட இல்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே படிப்பித்தது:
சத்தம் நின்றால் கையை நிறுத்து.
தூக்காதே. இறக்காதே.
ஊகிக்காதே,
கீழே ஆள் நிற்கிறான்.

நிறுத்தினேன்.
இருபத்தாறு தொன் இருட்டில் தொங்கியது.
காற்றுக்குச் சற்றே ஆடியது.
வைப்பர் போனது, வந்தது.
தூரத்தில் கோயில் விளக்கு
மழையில் கரைந்தது, கூடியது,
திரும்பவும் கரைந்தது.
ஏழு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.
கை நோகவில்லை,
கழுத்துத்தான் நொந்தது.
பாரம் கம்பியில் கிடந்தது, என் கையில் அல்ல.
எனக்கிருந்த ஒரே வேலை பதறாமல் இருப்பது.
அதையும் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.
வியர்த்துக் கொட்டியது.

பிறகு யாருடையதோ செற்றில்
பந்துலவின் குரல்:
மச்சான், இருக்கிறாயா?

அவன் அல்லவா கீழே நிற்கிறவன்.
கேட்கவேண்டியது நான் அல்லவா.
இருக்கிறேன் என்றேன்.

நாளை வியாழன்.
விளக்கை அணைத்துவிட்டுச் செபம் தொடங்கினோம்.
அந்த வரி வந்தது.
இன்று தாண்டவில்லை.
சொல்லவும் இல்லை.
இறக்காமல், கைவிடாமல்
அதிலேயே நிற்கிறேன்.
மெற்றில்டாவும் நின்றுவிட்டாள்,
எனக்காக,
அடுத்த சொல்லைச் சொல்லாமல்.