தவிர்க்கப்பட்டவை: ஒன்று

கொரடாச்சேரிக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில்
கூட்டுறவுக் கடன் சங்கம்.
ஐப்பசி அடைமழை. கரண்ட் வந்து வந்து போகிறது.
மேசைமேல் ஏற்றிவைத்த கணினிப்பெட்டிக்கு
யூரியா சாக்கு போர்த்தியிருக்கிறார்கள்.

"பேக்கப் தினமும் ஓடுதுங்க,
பச்சை டிக் விழுதே" என்கிறார் தையல்நாயகி.
விழுகிறதுதான்.
டிக்குக்குக் கீழே, யாரும் உருட்டிப் பார்க்காத வரியில்
தவிர்க்கப்பட்டவை: ஒன்று.
காரணம்: அனுமதி மறுக்கப்பட்டது.

அந்த ஒன்று எது என்று தேடினேன்.
பயிர்க்கடன், நகைக்கடன், ஏழு வருஷத்துப் பேரேடு.
அறுபத்துமூன்று இரவுகள்
பதினொன்றரைக்கு எழுந்து
கதவுவரை போய்
வெறுங்கையோடு திரும்பி
வேலை முடிந்தது என்று எழுதிவைத்துப்
படுத்திருக்கிறது மென்பொருள்.
பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது.

நிர்வாகி கணக்கு
மாற்றலாகிப் போன செயலாளர் கலியமூர்த்தி பெயரில்.
போனில் பிடித்தோம்.
பஸ் இரைச்சலுக்கு நடுவே
"நீங்க யாரும்மா?" என்று மூன்று தடவை கேட்டார்.
சரியான கேள்வி.
பிறகு சொன்னார்:
எப்போதோ விற்றுவிட்ட ராஜ்தூத்தின் நம்பர்.

ஜன்னலுக்கு வெளியே ரெகுலேட்டர்.
லஸ்கர் பக்கிரிசாமி
ஷட்டர் தூக்கும் சாவியைத் தோளில் சாய்த்தபடி
செல்போனையே பார்த்து நிற்கிறார்.
ஏ.இ. சொல்லாமல் ஒரு அங்குலம் ஏற்ற முடியாது.
தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை.

நிர்வாகி உரிமையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம்.
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.
நான் புதிதாக ஒரு பயனரை உண்டாக்கினேன்.
நகல் எடுக்கலாம். கொண்டுபோய் வைக்கலாம்.
உள்ளே உட்கார்ந்து புரட்ட முடியாது.
பெயர் கேட்டது கணினி.
சுமப்பவர் என்று அடித்தேன்.

முதலில் நிர்வாகியாகவே ஓட்டிப் பார்த்தேன்.
கோப்புகள் பெயர் காட்டிக்காட்டி நகர்ந்தன.
நகைக்கடன், நூற்று நாற்பத்திரண்டு.
என் வீட்டுக்காரர் பெயர், இனிஷியலோடு.

ஊரில் அந்தப் பெயர் இன்னொருவருக்கும் இருக்கலாம்.
பீரோ சாவி அவரிடம்தான் இருக்கிறது.
ராஜ்தூத்தின் நம்பர் இன்னும் என் விரலில் இருந்தது.
இரண்டு தட்டு தட்டினால் போதும்.

தையல்நாயகி முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார்.
ஓட்டத்தை நிறுத்தினேன்.
வெளியேறினேன்.
சுமப்பவராக நுழைந்து முதலிலிருந்து தொடங்கினேன்.
நூற்று நாற்பத்திரண்டு மறுபடியும் வந்தது, போனது.

வெளியே போன் அடித்தது.
ஷட்டர் கிறீச்சிட்டுக் கொஞ்சம் ஏறி
பாதியில் நின்றது.

தவிர்க்கப்பட்டவை: எதுவுமில்லை.
தேதி போட்டு, பதிவேட்டில்
வேலை முடிந்தது என்று எழுதினேன்.