பெயரில்லாத தாள்கள்

முகம் வரையச் சொன்னது என் பிழைதான்.
மானிடோபாவின் இந்த ஹட்டரைட் குடியிருப்பில்
புகைப்படம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்பது தாள்கள். ஒன்றிலும் முகமில்லை, பெயருமில்லை.
புள்ளித் தலைத்துணி, பின்னாலிருந்து.
ஒரு ஜோடி பூட்ஸ், இடதில் மட்டும் வாத்துச் சாணம்.
ஒன்று வெறும் வெள்ளை;
மூலையில் ஜாம் கறை.

மதிப்பெண் போட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.
சூப் வாளியோடு வந்த சமையற்காரி ரெபெக்கா
கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.
"யுஸ்டினா. துணி எப்போதும் வலப்பக்கம் சரியும்.
இது எலியாஸ், கொட்டிலுக்குள் இடதுகாலைத்தான் முதலில் விடுவான்."
வெள்ளைத் தாளை முகர்ந்தாள்.
"ருபார்ப். டோரத்தேயாவேதான்."

பிறகு, மாதிரிக்கென்று
மூன்று இரவு இழைத்து இழைத்து வரைந்து
கரும்பலகையில் நான் ஒட்டியிருந்த என் முகத்தை
வெகுநேரம் பார்த்தாள்.

"இது யார்?"